இயேசுவின் உவமைகளில் சரியான பாடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே உவமைக்கு ஆளுக்கொரு பாடம் சொல்கிறார்களே, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உவமைக்குள் நுழையும் முன், அதற்கு மேலே உள்ள இரண்டு மூன்று வசனங்களை வாசியுங்கள். யார் கேட்டார்கள், யார் முறுமுறுத்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கெட்ட குமாரன் கதையைப் பல பிரசங்கங்கள் இளையவன் வீடு திரும்பியதோடு முடித்துவிடும். ஆனால் லூக்கா 15 தொடங்குவதே, பாவிகளோடு இவர் சாப்பிடுகிறாரே என்று பரிசேயர் முறுமுறுப்பதில்தான். அதற்கான பதில், விருந்துக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கும் மூத்தவனிடம் இருக்கிறது.

இதைப் பழக நல்ல இடம் லூக்கா 7:36–50. பரிசேயனாகிய சீமோன் வீட்டுப் பந்தி. ஊரில் பாவி என்று பெயரெடுத்த ஒரு பெண் பரிமளதைலத்தோடு வருகிறாள். சீமோன் மனதுக்குள் முகம் சுளிக்கிறான். இயேசு சொல்வது மிகச் சின்னக் கதை: ஒருவனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், இன்னொருவனுக்கு 50. கட்ட இருவரிடமும் வழியில்லை, இருவருக்கும் தள்ளுபடி. யார் அதிகம் அன்புகூருவான்? பிறகு சீமோனிடமே கணக்குப் பார்க்கிறார். கால் கழுவ நீ தண்ணீர் தரவில்லை, இவள் கண்ணீரால் நனைத்தாள். நீ முத்தமிடவில்லை, இவள் பாதங்களை ஓயாமல் முத்தமிடுகிறாள். தலைக்கு எண்ணெய் பூசவில்லை, இவள் பாதத்துக்குத் தைலம் பூசினாள்.

சறுக்குவது 47ஆம் வசனத்தில். அவள் மிகவும் அன்புகூர்ந்ததால் மன்னிப்புக் கிடைத்தது என்று படிக்கத் தோன்றும். உவமையோ நேர்மாறு: முதலில் தள்ளுபடி, பிறகுதான் அன்பு. அன்பு மன்னிப்பின் அடையாளம், அதற்குக் கொடுத்த விலை அல்ல. சீமோனும் 50 காசுக் கடன்காரன்தான் என்பதை விட்டுவிட்டால் உவமையே நழுவிவிடும். (அந்தப் பெண் மகதலேனா மரியாள் என்று லூக்கா எங்கும் சொல்லவில்லை. இருவரையும் ஒருவராக்கிய வழக்கம், போப் முதலாம் கிரகோரி 591இல் செய்த பிரசங்கத்தால் வலுப்பட்டது.)

நல்ல சமாரியனில் கேள்வியே திரும்பிவிடுகிறது. "எனக்குப் பிறன் யார்?" என்று நியாயசாஸ்திரி கேட்டான். கடைசியில் இயேசு கேட்பதோ, மூவரில் (விலகிப்போன ஆசாரியன், லேவியன், உதவிய சமாரியன்) எவன் அடிபட்டவனுக்குப் பிறனாயிருந்தான் என்பது. பிணத்தைத் தொட்டால் தீட்டாகி ஆலய ஊழியம் செய்ய முடியாதே என்று பயந்துதான் ஆசாரியன் விலகினான் என்று அவனுக்காகப் பரிந்து பேசுவதுண்டு. கிரேக்க மூலத்தில் அவன் 'இறங்கி' வருகிறான். எருசலேம் மேட்டில், எரிகோ ஏறத்தாழ 1,000 மீட்டர் பள்ளத்தில். அப்படியானால் ஆலயத்தைவிட்டுத் திரும்புகிறவன். அந்தச் சாக்கு அவ்வளவாக எடுபடாது. சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று ஆதித் திருச்சபைப் போதகர் அகஸ்டின் பிரித்துப் பொருள் சொன்னார். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எதிரில் நின்ற நியாயசாஸ்திரிக்கு அதில் என்ன பதில்?

எண்களைக் கூலியாக மாற்றிப் பாருங்கள். ஒரு தெனாரியு (மேலே வந்த வெள்ளிக்காசு) ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2), ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியு. மத்தேயு 18இல், எத்தனை தரம் மன்னிப்பது, ஏழா என்று பேதுரு கேட்டதற்குப் பதிலாக வரும் உவமையில், ஓர் ஊழியனுக்கு ராஜா தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து. கலிலேயாவும் பெரேயாவும் அவற்றை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுக்கு 200 தாலந்து தந்தன என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (Josephus). ஆக இது இரண்டு மாகாணங்களின் 50 ஆண்டு வருமானம்! சக ஊழியன் ஒருவனிடமிருந்து அவனுக்கு வரவேண்டியதோ 100 தெனாரியு, மூன்று மாதத்துக்குச் சற்று மேலான கூலி. இரண்டு கடன்காரரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையில்தான் கெஞ்சுகிறார்கள்: பொறுத்துக்கொள்ளும், கொடுத்துத் தீர்க்கிறேன். சின்னக் கடன்காரனால் அதை நிறைவேற்ற முடியும்; பெரியவனால் எத்தனை பிறவி எடுத்தாலும் முடியாது. மன்னிக்க மறுத்தவன் இவன்தான்.

தாலந்து என்றதும் பாட்டுத் திறமை, பேச்சுத் திறமை என்று போய்விடுவது நம் சபைகளின் பழக்கம். அது எடையிட்ட பணம். மத்தேயு 25இல் ஒரு தாலந்து மட்டும் வாங்கியவன் கையிலும் இருபது வருடக் கூலி இருந்தது. தனக்குக் கொஞ்சம்தானே கிடைத்தது என்று அவன் சொல்லவும் இல்லை. எஜமான் கடினமானவன் என்று நினைத்துப் பயந்தேன் என்றுதான் சொல்கிறான்.