விருப்பத்திலிருந்து விழுமியத்துக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். இதுவே என் முதல் கடிதம்.

எனக்கு 36 வயது. சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மனைவியும் வேலைக்குச் செல்கிறார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் இருக்கிறாள். வேலையில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் இந்த வாழ்க்கை எதற்காக என்ற கேள்வி என்னை விடவில்லை. சென்ற ஆண்டு அலுவலகத்தில் நடந்த பயிற்சி முகாமில், நேர்மை, சுதந்திரம், குடும்பம், படைப்பூக்கம் என்று ஒரு தாள் நிறையச் சொற்களைக் கொடுத்து, உங்களுடைய விழுமியங்களாக ஐந்தைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். நான் தேர்ந்தெடுத்தவற்றில் நான்கை என் அருகில் அமர்ந்திருந்தவரும் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதனால் என்னிடம் எதுவும் மாறவில்லை.

நானாகவும் சிலவற்றை முயன்றேன். கேமரா வாங்கிப் படம் எடுத்தேன். அது சில மாதங்களில் அலமாரிக்குள் போய்விட்டது. அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்து முதலாண்டுத் தேர்வு எழுதினேன். சங்க இலக்கியத்தில் மட்டும் மனம் ஒன்றியது. இந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றியதால் இரண்டாமாண்டு எழுதவில்லை. நண்பர் ஒருவர் அழைத்ததால், இரவில் கடற்கரையில் ஆமைக் கூடுகளைத் தேடிச் செல்லும் ஆமை நடைக்கு இரண்டு இரவுகள் போனேன். இரண்டாம் இரவில் ஒரு கூட்டைக் கண்டோம். அந்த இரவை மறக்க முடியவில்லை, ஆனால் மீண்டும் போகவும் இல்லை. “இதெல்லாம் எதற்கு?” என்று மனைவி கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொழுதுபோக்கு, படிப்பு, பொதுப்பணி ஆகிய இவற்றுள் எதன் வழியாக ஒருவன் தன் நோக்கத்தைக் கண்டுகொள்கிறான்? எனக்குக் காலம் கடந்துவிட்டதா?

அன்புடன்,
ஆ.

*

அன்புள்ள ஆ.,

உங்கள் மேசையில் இருக்கும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். அதில் உள்ள சொற்களில் எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நேர்மை வேண்டாம் என்பவர் உண்டா, குடும்பம் வேண்டாம் என்பவர் உண்டா? ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுத்தபோது நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க நேரவில்லை. அதனால்தான் அடுத்த இருக்கைக்காரரின் தாளும் உங்கள் தாளும் ஒன்றுபோல் இருந்தன. ஒருவருடைய விழுமியம் என்ன என்பது, இரண்டு நல்லவற்றுள் ஒன்றைக் கைவிட வேண்டிய நேரத்தில், அதுவும் யாரும் கட்டாயப்படுத்தாத, யாரும் சம்பளம் தராத ஒரு வேலையின் நடுவே, அவர் எதைக் கைவிட மறுக்கிறார் என்பதில்தான் தெரிகிறது. நீங்கள் குறிப்பிட்ட மூன்றுமே மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அத்தகைய நேரங்களை உண்டாக்கித் தருபவை. ஆனால் எந்த ஒன்றையும் மற்ற இரண்டிலிருந்து பிரித்துவைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சங்க இலக்கியத்தில் மனம் ஒன்றியது என்று எழுதியிருப்பதால், ஐராவதம் மகாதேவனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1930-இல் பிறந்த அவர் அறிவியலும் சட்டமும் படித்து, 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். தமிழக மலைக்குகைகளில், சமணத் துறவியரின் கற்படுக்கைகளை ஒட்டி வெட்டப்பட்டிருக்கும் பழைய எழுத்துகள் தமிழ்மொழியில் அமைந்தவை என்று கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் அவற்றைத் தடையின்றி வாசிப்பது அறிஞர்களுக்கே அரிதாக இருந்தது. மகாதேவன் இந்தப் புதிருக்குள் இறங்கியபோது அவருக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல். கையில் ஒரு முழுநேர அரசுப் பணி இருந்தது. அந்தக் கல்வெட்டுகளின் பழைய எழுத்துமுறையான பிராமியைக் கற்றுக்கொண்டு, அலுவல் போக மிஞ்சிய நேரத்தில் குன்றுகளில் ஏறி, பாறைகளைப் படியெடுத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார்.

கரூரை அடுத்த புகழூரில், ஆறுநாட்டார் மலைக் குகையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல்லில் உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி அது. 1965-இல் மகாதேவன் அதில் சேர மன்னர் மரபை அடையாளம் கண்டார். சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் நீங்கள் தேர்வுக்காகப் படித்திருக்கக்கூடிய இரும்பொறை மரபு, பாட்டில் மட்டும் வாழ்ந்ததாக ஐயப்படப்பட்ட மரபு, பாறையில் பெயர் பொறித்து நிற்கிறது என்பதன் பொருளை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே அவர் இக்கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். பிறகு சிந்துவெளிக் குறியீடுகளில் உழைத்து 1977-இல் அவற்றின் தொடரடைவை, அதாவது ஒவ்வொரு குறியீடும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியலை, வெளியிட்டார். 1980-இல் ஆட்சிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்தார். அதன் பின்னர், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், முன்பு ஏறிய அதே குகைகளுக்குத் திரும்பி ஏறினார். 1960-களில் தாம் செய்த வாசிப்புகளைப் பாறையின் முன் நின்று மறுபடி சரிபார்த்து, திருத்த வேண்டியவற்றைத் திருத்தி, 2003-இல் பெருநூலாக வெளியிட்டார். முதல் தொகுப்புக்கும் அதற்கும் இடையே 37 ஆண்டுகள். முதல் தொகுப்பே அவருக்குப் போதுமான பெயரைப் பெற்றுத் தந்திருந்தது; திரும்பப் போகாவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த இரண்டாம் ஏற்றத்தில்தான் அவருடைய விழுமியம் எது என்று எனக்குத் தெரிகிறது. ஓர் எழுத்து அது என்ன எழுத்தோ அதுவாகவே வாசிக்கப்பட வேண்டும், அதற்காகத் தம் பழைய முடிவையும் விட்டுக்கொடுக்கலாம் என்ற பிடிவாதம் அது. “நேர்மை” என்ற சொல்லை ஒரு தாளில் வட்டமிட்டிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது. ஓர் ஆர்வம் படிப்பாக முற்றி, அந்தப் படிப்பு திரும்ப வந்து அவரிடம் ஒன்றைக் கேட்டபோது கிடைத்தது.

படிப்பைப் பற்றி நான் வலியுறுத்த நினைப்பது இதுதான். பொழுதுபோக்கில் நம் விருப்பமே அளவுகோல். பிடிக்காவிட்டால் கேமராவை அலமாரியில் வைத்துவிடலாம், அதில் தவறும் இல்லை. படிப்பிலோ நமக்கு வெளியே ஓர் அளவுகோல் வந்துவிடுகிறது. ஒரு பாடலுக்கு நமக்குப் பிடித்த பொருளைச் சொல்ல முடியாமல், உரையும் இலக்கணமும் வரலாறும் தடுக்கின்றன. அந்தத் தடுப்பை எரிச்சலாக உணர்ந்தீர்களா, அல்லது அதன் முன்னே இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியதா? இந்தக் கேள்விக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலில் விடை இராது. சங்க இலக்கியத்தில் மட்டும் மனம் ஒன்றியது என்ற வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரிகள் இரண்டில் அது ஒன்று. பட்டத்தை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி எழுந்ததும் அந்த ஒன்றலையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வரி, மறக்க முடியாத அந்த இரவைப் பற்றியது. சென்னைக் கடற்கரையில் ஆமை நடை எழுபதுகளிலேயே தொடங்கியது; 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் அதைத் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை, நள்ளிரவை ஒட்டி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறிய தடத்தைக் கண்டால், அதைத் தொடர்ந்து சென்று, குச்சியால் மெல்லத் தட்டிப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நூற்றுக்கு மேற்பட்டும் இருக்கக்கூடிய முட்டைகளைக் கையால் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் நகரத்தின் விளக்குகள். பொரித்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று எடுத்துக்கொள்ளும். நம் கரையிலோ வெளிச்சம் சாலைப் பக்கம் இருக்கிறது.

இதற்குள்ளேயே ஒரு படிப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையை இடம் மாற்றிவிட வேண்டும்; அதன் பின் புரட்டினால் உள்ளே ஓட்டோடு ஒட்டத் தொடங்கிய கரு இறந்துபோகும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும் என்பதால் பொரிப்பகத்துக்கு நிழல் வேண்டுமா என்பதும் கருத வேண்டிய ஒன்றாகிறது. அன்பு மட்டும் கொண்டு ஒருவர் ஆமை முட்டையைத் தொட்டால் தீங்கே விளையும். பொதுப்பணியில் இறங்குபவர்கள் கற்கவும் கடமைப்பட்டவர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் ஓரிரு இரவுகள் போய்வந்தவருக்குக் கிடைப்பது ஓர் அனுபவம் மட்டுமே. அது உயர்ந்த அனுபவம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆமையே தென்படாத இரவிலும், மறுநாள் அலுவலகம் இருக்கிறது என்று தெரிந்தும், இந்தப் பகுதியை இன்று நடப்பதாகச் சொன்னோம் என்பதற்காக ஒருவர் நடக்கும்போதுதான் அனுபவம் பொறுப்பாகிறது. விருப்பம் விழுமியமாகும் இடம் என்று நான் கருதுவதும் அதையே. 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அந்த வாரங்களில் கூடுகளைத் தேடிப் போனவர்கள் பிணங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு நடந்தார்கள். மகிழ்ச்சி தருகிறது என்பதற்காக மட்டும் வந்தவர்களால் அதைச் செய்திருக்க முடியாது.

பொதுப்பணி நம்மிடம் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு: நாம் கொண்டுபோகும் நோக்கத்தை எதிரில் இருப்பவர்கள் மாற்றிவிடுவார்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஊதியமில்லாத தொண்டர்கள் மாலை நேரங்களில் சிற்றூர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாகவே பெண்கள் சைக்கிள் கற்றார்கள், பல்லாயிரம் பெண்கள். ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பலர் விரும்பினார்கள், ஏனெனில் அதன் முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க முடியும். எழுத்தறிவு என்று ஒன்றை மனத்தில் கொண்டுபோன தொண்டர், தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் இன்னொருவர் தயவை எதிர்பார்க்காமல் இருப்பது என்ற வேறொன்றை அந்தப் பெண்களிடமிருந்து கற்றுக்கொண்டு திரும்பினார். தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இப்படிப்பட்ட திருத்தம் கிடைக்க வழியே இல்லை.

பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகாதேவன் கால் நூற்றாண்டு ஆட்சிப் பணியில் இருந்துகொண்டேதான் குகைகளுக்குப் போனார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள் என்று பிறர் எறிந்துவிடக்கூடியவற்றையெல்லாம் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992-இல் இறந்த பிறகு, அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் உருவாயிற்று. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதும் எவரும் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது. அவரிடம் யாராவது உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பின்தான் சேகரிக்கத் தொடங்குவேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் கடற்கரையில் இருக்கும் இரவில் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருப்பவர் அவர். ஆகையால் அவர் பங்களிக்கும் நேரத்தைக் கொண்டுதான் நீங்கள் தொண்டு செய்கிறீர்கள். அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை இரவுகள், எந்த ஞாயிறுகள் என்று இருவரும் அமர்ந்து முடிவுசெய்யுங்கள். அவருக்கும் விட்டுப்போன விருப்பம் ஒன்று இருக்கலாம். அதற்கும் இதே கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். குடும்பத்தின் பங்கை எடுத்துச் செலவிட்டுவிட்டு அதற்குச் சேவை என்று பெயரிடுவதை என்னால் ஏற்க இயலாது.

காலம் கடந்துவிட்டதா என்று கேட்டீர்கள். 36 வயதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மகாதேவன் பிராமி கற்ற வயதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இப்போது செய்யக்கூடியது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கேமராவைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டாம், அது இருக்கட்டும். வரும் ஜனவரியில் ஆமை நடைக்குப் பார்வையாளராகப் போகாமல், வாரம் ஓர் இரவு என்று பெயர் கொடுத்து அந்தப் பருவம் முழுவதும் நடங்கள். எம்.ஏ. இரண்டாமாண்டை எழுதுவதும் விடுவதும் உங்கள் வசதி. ஆனால் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளை உரையோடு எடுத்துவைத்துக்கொண்டு, முடிந்தால் வேறொருவரையும் சேர்த்துக்கொண்டு, வாசியுங்கள். இரும்பொறை மன்னர்கள் அங்கேதான் வருகிறார்கள். வசதிப்படும்போது குடும்பத்தோடு புகழூருக்கு ஒரு முறை போய்வாருங்கள். கரூரிலிருந்து அதிகத் தொலைவு இல்லை. இவற்றில் எதைத் தவறவிட்ட நாளில் உங்களுக்கு மனம் உறுத்துகிறது, எதை விட்டபோது உறுத்தவில்லை என்று குறித்துவையுங்கள். உறுத்தாததை வருத்தமின்றி விட்டுவிடலாம்.

ஏப்ரலில், பருவம் முடிந்ததும், அந்தக் குறிப்புகளோடு எனக்கு எழுதுங்கள். வீட்டில் எடுத்த முடிவையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்