மலையாளம் எழுத வராதவர் சபைச் செயலாளர் ஆகலாமா?

சகோதரரே, தோத்திரம். கேரள எல்லையிலுள்ள பாறசாலைப் பக்கத்துச் சபையில் உங்களைச் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிப்பு, மலையாளம் பேச வரும், எழுத வராது. எதிரே நிற்பவரோ சுற்றுச்சுவர் கட்டப் பணம் கொடுத்தவர். “எனக்கு என்ன தகுதி?” என்று கேட்டிருந்தீர்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை இன்றைக்கே வாசியுங்கள். அங்கேயும் மொழி வேறுபாடுதான். கிரேக்கு பேசும் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. அதற்காகத் தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்! குறைபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்ட தகுதி நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். 1 தீமோத்தேயு 3-இல் பவுல் பண ஆசை இல்லாமையையும் வீட்டை நடத்தும் விதத்தையும் பார்க்கிறார். நன்கொடை ரசீதை எங்கும் கேட்கவில்லை.

களியக்காவிளையில் எங்கள் சபைக்கு முன்பு ஒரு பொருளாளர் இருந்தார், எட்டாம் வகுப்பு. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைப் பாயில் கொட்டி, இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் எண்ணுவார். ஐந்து ரூபாய் இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் வாசலில் காத்திருக்கும் பாட்டிகளிடம் தமிழில் கணக்கைச் சொல்வார். அவர் காலத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

உங்கள் மனைவியிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் நில்லுங்கள். கூட்டக் குறிப்பை மலையாளத்தில் எழுத வாலிபர் ஒருவரைத் துணைக்குத் தரும்படி போதகரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.