தன்னை வெறுப்பதா, மறுப்பதா? லெந்து காலக் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் சிலுவை சுமப்பதைப் பற்றிய கேள்விகள் வந்து குவியும். நான் போதகர் இல்லை, ஓய்வுபெற்ற வாத்தியார். மதுரைப் பக்கத்துச் சபைகளில் பல வருடம் வேதபாட வகுப்பு எடுத்த பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

கருமாத்தூர், கல்லூரி மாணவி: ஐயா, ‘தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு’ தம்மைப் பின்பற்றச் சொல்லும் இயேசுவின் வசனம் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே என்னை எனக்குப் பிடிக்காது. இன்னும் வெறுக்கவா?

வேண்டாம்மா. மாற்கு 8:34இல் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘வெறுத்து’ என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல் ‘அபர்னேயோமாய்’. அதே சொல் 14ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீஷர் பேதுருவுக்கும் வருகிறது. அங்கே மட்டும் ‘மறுதலிப்பாய்’ என்று போட்டிருக்கிறார்கள். பேதுரு இயேசுவை வெறுத்தாரா? இல்லையே. நெருப்பில் குளிர்காய்ந்துவிட்டு, ‘அந்த மனுஷனை அறியேன்’ என்று கைகழுவினார். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். ‘எல்லாம் நான் சொல்றபடிதான் நடக்கணும்’ என்று உள்ளே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற ஒரு ஆள் நம் எல்லோரிடமும் உண்டு. அந்த ஆளிடம் ‘நீ யாரென்றே எனக்குத் தெரியாது’ என்பதுதான் விஷயம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘தன்னலம் துறந்து’ என்றிருப்பது இதற்குக் கிட்ட வருகிறது.

உங்களை உங்களுக்குப் பிடிக்காமல் போனது வேறு கதை. அதற்கு உபவாசம் மருந்து இல்லை. நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ மனநல ஆலோசகரிடமோ இந்த வாரமே பேசுங்கள்.

விளக்குத்தூண், ஜவுளிக்கடை ஊழியர்: நாற்பது நாள் கறி கிடையாது. சாயங்காலம் பிரியாணி வாசனை ஆளைக் கொல்லுது. இது சிலுவையில் சேருமா?

சேராது தம்பி, அது பசி. ஆனாலும் விடாதீர்கள், நல்ல பயிற்சிதான். மிச்சமாகிற காசு யாருக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். ஈஸ்டர் அன்றைக்கு இரண்டு கிலோ சேர்த்து வாங்கினால் அதற்குப் பெயர் சீட்டுக் கட்டுவது.

திருமங்கலம், தனியார் கம்பெனி கணக்காளர்: வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வரச் சொல்லி அழைப்பு இருக்கிறது. மனைவி சம்மதிக்கவில்லை. வீட்டுக்கடன் ஓடுகிறது, இரண்டு பிள்ளைகள். சீஷர்கள் வலையை விட்டுவிட்டு உடனே போகவில்லையா?

போனார்கள். ஆனால் மாற்கு 1:20ஐ இன்னொரு தடவை வாசியுங்கள். யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை, ‘கூலியாட்களோடு’ விட்டார்கள். தொழில் படுக்கவில்லை. பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போனதை 1 கொரிந்தியர் 9:5 சொல்கிறது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றவரும் இயேசுதான். கணக்காளருக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

நீங்கள் விடுவதாகச் சொல்வது சம்பளத்தை. தவணை கட்டப்போவது யார்? உங்கள் தியாகத்துக்கு அவர்கள் பில் கட்டினால் அது தன்னை மறுப்பது ஆகாது, குடும்பத்தை மறுப்பது. கடன் முடியட்டும். அதுவரை சனி, ஞாயிறு யார் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

பெயர், ஊர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி: வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். ‘இதுதான் உன் சிலுவை, சும’ என்கிறார் மாமியார். ஜெபக்குழுவிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

இல்லைம்மா. சிலுவை என்பது ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது. அடுத்தவர் முதுகில் ஏற்றுவதற்குப் பெயர் கொடுமை. தன்னை மறுக்க வேண்டியவர் அந்த வீட்டில் உங்கள் கணவர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள். ஜெபக்குழுவில் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அண்ணாநகர், ஓய்வுபெற்ற அதிகாரி: நம் மதுரையில் நொபிலி சுவாமி எல்லாவற்றையும் துறந்தார். அப்படிப்பட்ட ஆட்கள் இன்று ஏன் இல்லை?

1606இல் வந்தார். இயேசு சபைக் குரு, இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. காவி உடுத்தி, பாதக்குறடு போட்டு, ஒரு வேளை சைவச் சாப்பாட்டோடு தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். 1656இல் மயிலாப்பூரில் இறக்கும்வரை சொந்த ஊருக்குப் போகவில்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மதுரையில் அவருக்கு முன்பே கடலோர மீனவச் சமூகமான பரவர் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். மேல்சாதியார் விலகிவிடக் கூடாது என்று அவர்களிடமிருந்து ஒதுங்கி இருந்தார். வாயைக் கட்டியது அவர், ஒதுக்கப்பட்ட வலி அவர்களுக்கு.

அதே அன்பர்: அந்தக் காலத்துச் சாதி வழக்கத்தை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?

அந்தக் காலத்தோடு முடியவில்லையே, அதனால்தான். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதி பார்ப்பவர்களுக்கு ஊழியத்தில் இடமில்லை என்று கறாராக நின்றது. சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்று உபதேசியார்கள் (சபையில் வேதம் போதிக்கும் உள்ளூர் ஊழியர்கள்) பலர் விலகினார்கள். வேலையை விட்டார்கள், சாதியை விடவில்லை. இன்றைக்கும் வரன் தேடுகிறபோது ‘கிறிஸ்தவக் குடும்பம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் என்ன எழுதுகிறோம்? நாற்பது நாள் கறியை விடுவது சுலபம் சார். அந்த அடுத்த வரியை அடிப்பதற்குத்தான் கை வராது.

மேலூர், விவசாயி: கலப்பையில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். டிராக்டர் ஓட்டுறவன் திரும்பிப் பார்க்காமல் எப்படிண்ணே?

உங்கள் கேள்விக்கு நான் தோற்றேன். மாட்டேர் பிடித்த உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், திரும்பிப் பார்த்தால் சால் கோணும் என்பார். லூக்கா 9:62 அந்த ஏரைப் பற்றியது.

செல்லூர், வாலிபர் சங்கச் செயலர்: எங்களுக்கெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் எதை விட்டீர்கள் ஐயா?

கேட்பீர்கள் என்று தெரியும். சபைக் கமிட்டியில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதை விடப் பார்க்கிறேன். போன ஞாயிறு ஒலிபெருக்கி வாங்குகிற பேச்சில் முடியவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம் இருக்கிறது.