மட்டக்களப்பு, அம்பாறையில் சுவாரெஸ் வாசிக்க ஒரு குழு சேர்ப்பது எப்படி?

கேள்வி: பிற்கால ஸ்கொலாஸ்டிக் மெய்யியலை, அதாவது 16, 17ஆம் நூற்றாண்டு இயேசு சபையினரும் தொமினிக்கரும் எழுதிய மெய்யியலைப் படிப்பவர்களை எங்கள் பக்கம் ஒன்றுசேர்க்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும், ஐந்து பேர் இருந்தால் போதும். "ஆர்வமுள்ளவர்கள் வாருங்கள்" என்று பொதுவாக அழைக்காமல், இன்ன நூல், இன்ன பிரிவு, இத்தனை பக்கம் என்று சொல்லி அழையுங்கள். வருகிறவர் முதல் நாளே கையில் தாளோடு உட்கார வேண்டும்.

ஆட்களைப் பொறுத்தவரை எங்கள் கரைக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. குருமடத்தில் லத்தீன் படித்த ஒருவரைத் தேடுங்கள். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ பழைய பாடத்திட்டத்தில் மன்திக் (அரபுத் தர்க்கவியல்) ஓதிய மௌலவி ஒருவரையும் கேளுங்கள். அவர் படித்த ஈஸாகூஜி என்ற தர்க்கப் பாடநூலில் வரும் ஜின்ஸ் (பேரினம்), நவ்உ (இனம்), ஃபஸ்ல் (வேறுபடுத்தும் இயல்பு), காஸ்ஸா (சிறப்பியல்பு), அரள் ஆம்ம் (தற்செயல் பண்பு) என்ற ஐந்தும் கிரேக்க மெய்யியலாளர் போர்ஃபிரியின் அதே ஐந்துதான். போர்த்துக்கலின் கோயிம்ப்ரா நகர இயேசு சபையினர் 1606இல் வெளியிட்ட தர்க்க உரையும் அந்த ஐந்தை விரிவாக எடுத்துப் பேசுகிறது. லத்தீன் நூல்களில் அவிசென்னா என்று வருபவர் இப்னு சீனா, அவெர்ரோயெஸ் என்று வருபவர் இப்னு ருஷ்த் என்பதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவதாக, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவை இயலை (அறியும் வழிகள் பற்றிய பகுதியை) முறையாகப் பாடங்கேட்ட ஒருவர் வேண்டும். இந்த மூவரும் அமைந்தால் மொழிபெயர்ப்பு வேலையில் பாதி முடிந்த மாதிரி.

நூல்: ஸ்பெயின் நாட்டு இயேசு சபை மெய்யியலாளர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் (1548–1617) 1597இல் வெளியிட்ட மெய்ப்பொருளியல் விவாதங்கள். மொத்தம் 54 விவாதங்கள். முதலாவதிலிருந்து வரிசையாகப் போனால் குழு நடுவழியில் களைத்துவிடும். 7ஆம் விவாதத்தில் தொடங்குங்கள். மூன்றே பிரிவுகள், பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலான பிரிப்பு எத்தனை வகை என்பதே கேள்வி. இது பிடிபடாமல் மற்றவற்றைத் தொட முடியாது. சிரில் வோலர்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் (1947) இருப்பதால் லத்தீன் தெரியாதவர்களும் கூடவே வரலாம். பிறகு நேரே 31ஆம் விவாதத்துக்குப் போங்கள்: படைப்புப் பொருளில் சாரமும் இருப்பும் வேறு வேறா? மௌலவி இதை மாஹிய்யத், வுஜூத் என்று ஏற்கெனவே அறிந்திருப்பார். அன்றைக்குக் கதை சூடுபிடிக்கும்.

இன்னொரு ஸ்பானிய இயேசு சபையினரான மோலினாவின் 1588ஆம் ஆண்டு நூலில், இறைவனின் முன்னறிவு, மனிதனின் சுயவிருப்பம் பற்றிய விவாதத்தில் தொடங்கலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். கத்ர் (இஸ்லாம் சொல்லும் இறைவிதி), கன்மம், திருவருள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நூலைத் திறக்குமுன்பே நேரம் போய்விடும்.

பிரதி விஷயத்தில் கவனம் தேவை. 17ஆம் நூற்றாண்டு அச்சில் நீள 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். 'இருத்தல்' என்று பொருள்படும் 'எஸ்ஸே' என்ற சொல் கணினி வாசிப்பில் 'எஃபே' ஆகிவிடும். தேடினால் ஒன்றும் அகப்படாது. உயிரெழுத்தின் மேல் சிறு கோடு போட்டு 'எம்', 'என்' எழுத்துகளை விழுங்கும் சுருக்கமும் உண்டு. அதனால் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் விவேஸ் வெளியிட்ட முழுத்தொகுதியின் 25, 26ஆம் பாகங்களை இன்டர்நெட் ஆர்கைவிலோ கூகிள் புக்ஸிலோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெளிவு. அச்சுப்பிழையும் உள்ளதால், வாக்கியம் பொருள் தராத இடத்தில் மட்டும் பழைய பதிப்பைப் பாருங்கள். மேற்கோளைப் பக்க எண்ணால் குறிக்காமல் விவாதம், பிரிவு, பந்தி என்று 31.1.3 போலக் குறித்தால் யாரிடம் எந்தப் பதிப்பு இருந்தாலும் இடம் கிடைத்துவிடும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எதிர்த்தரப்பை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வது. 31.1ஐப் பாருங்கள். 3ஆம் பந்தி தொடங்கி, சாரமும் இருப்பும் உண்மையில் வேறு என்ற தோமிஸ்டுகளின் (தோமா அக்குவினாஸைப் பின்பற்றுபவர்களின்) கருத்து பல பந்திகளுக்கு நல்ல வாதங்களோடு ஓடுகிறது. 11இல் இடைப்பட்ட கருத்து. 12இல்தான் மூன்றாவது, வெறும் எண்ணத்தளவில் மட்டுமே வேறு என்பது. சுவாரெஸ் நிற்பது அங்கே. 3ஆம் பந்தியோடு நிறுத்தியவர் அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டு போவார். 'டீகோ' (சொல்கிறேன்), 'டிசெந்தும் எஸ்ட்' (சொல்ல வேண்டியது) என்று தொடங்கும் வாக்கியங்களைப் பென்சிலால் கோடிடப் பழக்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஆசிரியர் தன் குரலில் பேசுகிறார்.

கலைச்சொல்லில் தடுமாற்றம் வரும். எண்ணத்தளவிலான பிரிப்பைக் 'கருத்து வேறுபாடு' என்று எழுதினால் வாசிப்பவர் யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்றே நினைப்பார். 'எண்ணப் பிரிப்பு' என்று வைக்கலாம். ஒன்று மற்றதில்லாமல் இருக்கலாம், மற்றது இதில்லாமல் இருக்க முடியாது என்ற இடைவகைக்குப் 'பாங்குப் பிரிப்பு'. கையை மூடினால் முட்டி; விரித்தால் கை இருக்கும், முட்டி இராது. சித்தியாரின் தன்னியல்பு, பொதுவியல்பு என்ற சோடி, தனிப்பொருளைப் பற்றிய 5ஆம் விவாதத்துக்கு அருமையாக உதவும். ஆனால் அப்படியே ஒட்டிவிடாமல், எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். கூகிள் ஷீட்டில் லத்தீன், அரபு, சித்தாந்தச் சொல், நாம் வைத்த சொல், வந்த இடம் என ஐந்து நிரல் போதும்.

ஆறாவதாக ஒரு நிரல், தமிழில் எழுதிய இயேசு சபைக் குரு ராபர்ட்டோ தெ நோபிலியின் (1577–1656) சொற்களுக்கு வேண்டும் என்பது என் பிடிவாதம். இத்தாலியில் இதே ஸ்கொலாஸ்டிக் கல்வி பெற்று 1606இல் மதுரைக்கு வந்தவர். கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் இருந்தார். அவருடைய ஆத்தும நிர்ணயம் என்ற நூலை, கோயிம்ப்ரா இயேசு சபையினர் 1598இல் வெளியிட்ட ஆன்மா பற்றிய உரையோடு அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். இந்த மெய்யியல் தமிழுக்குப் புதிதாக வரவேண்டிய சரக்கல்ல, நானூறு வருடமாக இங்கே இருக்கிறது.

நாள்: வெள்ளி ஜும்மா, ஞாயிறு காலை பூசை. எல்லோருக்கும் பொதுவாக ஓய்வு கிடைப்பது போயா விடுமுறையில்தான். பின்னேரம் இரண்டு மணி நேரம் வையுங்கள். அக்கரைப்பற்றுக்காரருக்கும் மட்டக்களப்பு நகரத்தாருக்கும் நடுவில் கல்முனை. மார்கழி, தை மாரியில் வீதி வெள்ளத்தில் நிற்கும். அந்த மாதங்களில் ஸூம். நோன்பு மாதத்தில் விடுமுறை. ஒரு தடவைக்கு ஐந்தாறு பந்திக்கு மேல் வேண்டாம். லத்தீன்காரர் வராத நாளிலும் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். அன்று ஷீட்டில் முடிவாகாமல் கிடக்கும் சொற்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.