மலைப் புல்வெளியில் இருந்து பறக்க: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆனாலும் மலையகத்தில் ஒரு புல்வெளியைப் பாராகிளைடர் (துணிச் சிறகில் நூல்களால் தொங்கிப் பறப்பது) பறக்கிற இடமாக ஆக்கலாமா என்று கேட்பவர்கள் குறையவில்லை. சுவிசில் பறந்து பழகியவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

புல்வெளி கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் அண்ணை? புல் வெட்டுவதா, கல் பொறுக்குவதா? (கோப்பாய்)

இரண்டும் இல்லை தம்பி. ஒரு கம்பை நட்டு, நுனியில் லேசான துணி நாடாவைக் கட்டிவிட்டு நாள் முழுக்கப் பாருங்கள். வெயில் ஏறச் சரிவு சூடாகி, காற்று கீழிருந்து மேலே வரும். பொழுதுபட்டால் குளிர்காற்று மலையில் இருந்து கீழே இறங்கும். கிளம்புவதற்கு முகத்தில் அடிக்கிற காற்றுத்தான் வேண்டும். சோளகத்துக்கு (தென்மேற்குக் காற்று) நேரே இருக்கிற சரிவு வாடைக்கு (வடகிழக்குக் காற்று) உதவாது. அப்போது அது மலையின் மறைவுப் பக்கமாகிவிடும். அங்கே காற்று சுருண்டு அடித்து, சிறகை மடக்கிப் போடும். ஆகவே ஒரே இடத்தில் ஆண்டு முழுக்கப் பறக்கலாம் என்று எண்ணி வேலையைத் தொடங்காதீர்கள்.

சரிவு எவ்வளவு, துப்பரவு எவ்வளவு? (சாவகச்சேரி)

20 முதல் 30 பாகை வரை நல்லது. ஓட ஓடச் சரிவு கூடிக்கொண்டு போகவேண்டும். இரண்டு சிறகை விரித்துப் போட இடம் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது அடிக்கட்டைகளைத்தான். சிறகின் நூல்கள் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. ஒரு சாண் கட்டையைப் புல் மூடியிருக்கும், நூல் அதில் கொழுவிவிடும், நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள். கட்டையை நிலமட்டத்துக்கு வெட்டுங்கள். முள்ளுப்பற்றையையும் எடுங்கள். புல்லைக் கணுக்கால் அளவுக்கு விடுங்கள். மண் தெரியச் செதுக்கினால் அடுத்த மழையில் சரிவே கழுவுப்பட்டுப் போகும்.

பட்டம் ஏற்றத் தெரிந்தவனுக்கு இது சுகம்தானே? (வல்வெட்டித்துறை)

காற்றைப் பார்க்கிற கண் உங்களிடம் இருக்கிறது, சரி. ஆனால் தை மாதத்தில் பெரிய பட்டத்தைத் தூக்கி, அதில் கட்டிய விண்ணைக் கூவ வைக்கிற காற்று, பழகுபவனுக்குக் கூடிப்போச்சு. மணிக்கு 10 முதல் 20 கிலோமீற்றர் போதும்.

இறங்க எங்கே? (மானிப்பாய்)

ஏறுகிற இடத்தைவிட இதற்குத்தான் நான் கூடக் கவலைப்படுவேன். மரவரிசைக்குப் பின்னால் காற்று குழம்பும், தள்ளி இறங்குங்கள். மின்கம்பி மேலிருந்து தெரியாது, தூண்களைத் தேடுங்கள். சுவிசின் இன்டர்லாக்கனில் ஊர் நடுவே ஹோஹேமாட்டே புல்வெளி இருக்கிறது. 1864இல் அதில் கட்டடம் வரக்கூடாதென்று பலர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்று சிறகுகள் அங்கேதான் இறங்குகின்றன.

ஹோட்டன் சமவெளியில் பறக்கலாமா? (நல்லூர்)

அந்த யோசனையை விடுங்கள். அது 1988 முதல் தேசிய பூங்கா. பாதையை விட்டு விலகி நடப்பதே பிழை. அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் காலை வேளையில் மட்டும் ஹேங் கிளைடருக்கு (சட்டம் வைத்த சிறகு) இடம் கொடுக்கிறார்கள். அதுவும் அனுமதியோடுதான்.

எங்கள் ஊர்த் தரவையில் ஏலாதா? (காரைநகர்)

தரவை மட்டமான வெளி என்றாலும், வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கிற பொறி) வைத்துக் கயிற்றால் இழுத்து ஏற்றலாம். ஆனால் 2019 முதல் பலாலி சர்வதேச விமான நிலையமாக இருக்கிறது, ஆகவே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் தொடவேண்டாம். ஆள் புழங்காத வெளி என்றால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டே காலை வையுங்கள்.