கோர்ஷம் சுரங்க வாசலில் நிற்கும் லாரி: எந்த ஆண்டு, யாருடையது?

வணக்கம். நீங்கள் அனுப்பிய பழைய லாரிப் படம் இங்கிலாந்தின் கோர்ஷம் பக்கம் எடுத்தது, கதவில் கம்பெனி பெயர் அழிந்துவிட்டது, ஆண்டும் தெரியவில்லை என்கிறீர்கள். பெயரை விடுங்கள், நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மூன்று எழுத்து இருந்தால் கடைசி இரண்டுதான் ஊரைச் சொல்லும். ஏஎம், எச்ஆர், எம்ஆர், எம்டபிள்யூ, டபிள்யூவி என்றால் வில்ட்ஷர். எஃப்பி, ஜிஎல் என்றால் பாத். அது முதலில் பதிவான இடம் மட்டுமே. கைமாறிய லாரி என்றால் ஏமாந்துபோவீர்கள்.

லாரியின் பின்னால் '20' என்று வட்டம் தெரிகிறதா? கனரக லாரிகளின் வேக வரம்பு மணிக்கு 20 மைலாக இருந்தது. 1957-ல் 30 ஆக்கினார்கள். அதனால் வட்டம் இருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பட்டை, ஹெட்லைட்டில் மூடி இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால இருட்டடிப்பு.

கதவில் சிங்க முத்திரையின் சுவடு இருந்தால் அரசு லாரி நிறுவனமான பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ். 1947 சட்டப்படி நீண்டதூர லாரிக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது பழைய பெயர்கள் பெயின்ட்டுக்குள் போயின. கதவை மட்டும் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். பெயின்ட்டுக்கு அடியிலுள்ள எழுத்தின் விளிம்பு சில சமயம் எழும்பும்.

கோர்ஷம் பக்கத்துக் கல் சுரங்கங்கள் சில போரில் வெடிமருந்துக் கிடங்குகளாக இருந்தன. ஆனால் சுரங்கத்தை வைத்து மட்டும் 'வெடிமருந்து லாரி' என்று முடிவுகட்டாதீர்கள். அவற்றில் ஒன்றான டனல் குவாரிக்குள் ரயிலே நுழைந்தது. இன்னொன்றான மங்க்டன் ஃபார்லிக்கு ரயில் சைடிங்கிலிருந்து (கிளைத்தடம்) ரோப்வேயில் சரக்கு ஏறியது. போருக்குப் பின் இவற்றில் சில தனியார் கிடங்குகளாயின. ஈஸ்ட்லேஸ் சுரங்கத்தில் இன்று ஒயின் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் ஆண்டு தெரியாமல் சரக்கைச் சொல்ல முடியாது.

முழு நம்பர் கிடைத்தால் சிப்பனமிலுள்ள வில்ட்ஷர் ஆவணக் காப்பகத்துக்கும் தி பஸ் ஆர்கைவ் காப்பகத்துக்கும் (முன்பு டிராய்ட்விச்சின் கிட்ஹெட் டிரஸ்ட்) எழுதிக் கேளுங்கள். பிளேட்டின் குளோசப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.