பெயர் கடைசியில் வந்தால் மதிப்பு குறைவா?

கேள்வி: எங்களுக்குச் செங்கோட்டை. மகள் கணிதத்தில் பிஎச்.டி. முடித்துவிட்டு ஜெர்மனியில் போஸ்ட்டாக் செய்கிறாள். ஹோமோடோபி, எண்கணித வடிவியல் என்று என்னவோ சொல்கிறாள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு கட்டுரை, அதிலும் மூன்று பேரில் அவள் பெயர் கடைசி. அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. இதனால் யாருக்குப் பிரயோஜனம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஊருக்கு வந்து ஏதாவது கல்லூரியில் சேரச் சொல்லலாமா?
- ஒரு தாய், செங்கோட்டை

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடைசிப் பெயரை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கணிதக் கட்டுரைகளில் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் போடுவதுதான் வழக்கம். யார் அதிகம் உழைத்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வருடத்தில் ஒரு கட்டுரை என்பதும் இந்தத் துறையில் குறைவில்லை. எழுதி அனுப்பியதைச் சரிபார்த்து ஏற்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும்.

அவள் என்னதான் செய்கிறாள்? ஒரு பேப்பரை எடுங்கள். y² = x³ − x என்று ஒரு சமன்பாடு. 5-ஆல் வகுத்த மீதியை மட்டும் கணக்கில் எடுத்து, x, y இரண்டுக்கும் 0 முதல் 4 வரை போட்டுப் பாருங்கள். x = 2 என்றால் வலப்பக்கம் 6, மீதி 1. அதற்கு y = 1, y = 4 இரண்டும் பொருந்தும். இப்படி மொத்தம் 7 விடை வரும். முடிவிலியில் ஒரு புள்ளியையும் சேர்ப்பது மரபு, ஆக 8. இதே சமன்பாட்டுக்குச் சிக்கலெண்களில் (−1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களில்) விடை தேடினால் அவை சேர்ந்து ஒரு பரப்பாகும். அது உளுந்து வடை மாதிரி, நடுவில் ஒரே ஓட்டை. அந்த ஒரு ஓட்டைதான் விடைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது: 5 + 1 = 6-லிருந்து, 5-இன் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது விலகவே முடியாது. ஹெல்முட் ஹாசே என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1930-களில் நிரூபித்தது இது. வடிவத்தில் இருக்கும் ஓட்டைக்கும் வகுத்தல் மீதிக்கும் என்ன உறவு! இந்த மாதிரி உறவுகளைத் தேடுவதுதான் எண்கணித வடிவியல். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எல்லாப் பரிமாணங்களுக்கும் இது எப்படி அமையும் என்று ஆந்த்ரே வெய்ல் 1949-இல் ஊகித்தார்; கடைசிப் பகுதியை டெலீன் நிரூபிக்க 1974 ஆயிற்று.

வடிவங்களை நீட்டி வளைத்தாலும் மாறாமல் நிற்பது எது என்று பார்ப்பது ஹோமோடோபி. அதைச் சமன்பாடுகளின் உலகத்துக்கே கொண்டுவந்தவர்கள் மொரெல், வொயெவோத்ஸ்கி என்ற இரு கணித அறிஞர்கள். ஜான் மில்னர் 1970-இல் எழுப்பிய ஒரு கேள்வியை அந்த வழியில் தீர்த்த வொயெவோத்ஸ்கிக்கு 2002-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

பிரயோஜனமா? மகளோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள் அல்லவா? அந்தப் பேச்சை அடுத்தவர் கேட்காமல் பூட்டுவதில் மேலே சொன்ன சமன்பாட்டின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சமன்பாட்டுக்குப் பங்கு உண்டு. 1985-இல்தான் அந்த யோசனை வந்தது. அதற்குப் பல காலம் முன்பே, பூட்டைப் பற்றி நினைக்காமலே, அந்தக் கணிதத்தை வளர்த்துவிட்டார்கள். உங்கள் மகளின் வேலைக்கும் அப்படி ஒரு பயன் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். வராவிட்டாலும் அது செய்யத் தகுந்த வேலை.

சொந்தக்காரர்களிடம் எஸ்.எஸ்.பிள்ளை என்ற கணித அறிஞரைப் பற்றிச் சொல்லுங்கள். 1901-இல் உங்கள் பக்கத்து வல்லத்தில் பிறந்து செங்கோட்டையில் படித்தவர். 1, 2, 3 என்று போகும் எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படிகளின் (ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கி வருவதன்) கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிரூபித்தார். இங்கிலாந்தின் வேரிங் என்ற கணித அறிஞர் அந்தக் கேள்வியைக் கேட்டது 1770-இல்!

சரி, வேலைக்கு வருவோம். திரும்பி வா என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். சம்பளம் எந்த மாதத்தோடு நிற்கிறது, பரிந்துரைக் கடிதம் யார் யார் தருவார்கள், இந்தியாவில் எங்கெல்லாம் விண்ணப்பிக்கிறாள் என்று கேளுங்கள். பாலக்காடு ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஐசர், சென்னையில் தரமணி, சிறுசேரியில் உள்ள கணித நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வற்புறுத்த வேண்டாம். அங்கே அவள் துறையில் பேச ஆள் இருக்கிறதா என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

அவளே போதும் என்று சொன்னால் ஏன் என்று குடையாதீர்கள். கல்லூரி வேலை தாழ்ந்ததில்லை. அப்பா இறந்தபோது எஸ்.எஸ்.பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

வெளிநாட்டு வேலைகளுக்குப் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள் அம்மா. பொங்கலுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.